எபெர் பெயரில் வந்த அச்சு

அந்த ஆண்டுச் சட்டப்படி ஓர் ஆளுக்கு
மூன்று பொட்டலம்தான் வரியில்லாமல்.
நான்காவது வந்தால்
சரக்கைவிடச் சுங்கம் கனக்கும்.
என் மில்லிங் மெஷினைச் சி.என்.சி. ஆக்க
எனக்குத் தேவைப்பட்டவை பதினொன்று.

அதனால் தெருவிடம் கேட்டேன்.
பைசாந்துவில் எங்கள் தெரு சின்னது,
ஒரு முனையில் ரொட்டிக்கடை, மறுமுனையில் ஆறு.

மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஓரோஸ்மான்
தன் அடையாள எண்ணை
பில்லின் பின்புறம் எழுதிக் கொடுத்தார்.
எக்ஸ் அச்சின் பால் ஸ்குரூ அவர் பெயரில் வந்தது.
ஒய் அச்சு, மருந்துக்கடை சுல்மா பெயரில்.
ஸ்டெப்பர் மோட்டார் மூன்றும்
சலூன் இராசெமா பெயரில்.
இவ்வளவு கனமா, என்ன இது, என்றானாம் தபால்காரன்.
முடி உலர்த்தி, என்றாளாம்
கண்ணிமைக்காமல்.

கப்ளிங் தப்பாக வந்தது.
மோட்டார் தண்டு ஆறு புள்ளி மூன்று ஐந்து,
துளை வெறும் ஆறு.
முடியளவுதானே என்றாள் இராசெமா.
ஐந்து முடி என்றேன்.
ஐந்து முடிக்காக நாற்பத்தொரு நாள் காத்திருந்தேன்.

கம்ப்யூட்டர், மூடிப்போன இன்டர்நெட் கடையுடையது.
பிரிண்டர் செருகும் பழைய வாய் அதில்தான் இருந்தது.
பையன்கள் சுட்டுச் சுட்டே
ஸ்பேஸ் பட்டை பள்ளமாகியிருந்தது.

பிரிக்கும் முன் ஒரு வேலை உண்டு:
மோட்டார் தாங்கிகளை
இதே மெஷினில்தான் வெட்டியாக வேண்டும்.
தன்னைக் கிடத்தி அறுக்கப்போகும் மேசைக்குத்
தானே கால் செதுக்கிக் கொடுப்பதுபோல.
மூன்று நாள் சக்கரம் சுற்றினேன்,
அலுமினியச் சுருள் ஸ்வெட்டருக்குள் புகுந்து குத்த.
பிறகு கழற்றினேன்.
போல்ட்டுகள் ஜாம் புட்டிகளுக்குள் போயின.
கடைசி போல்ட் புட்டிக்குள் விழுந்த சத்தத்தில்
நினைவு வந்தது:
இசட் அச்சுக்குத் தாங்கி வெட்டவே இல்லை.
நான் என்ன கத்தினேனோ,
பூனை இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லை.

மறுபடி மாட்டினேன். எல்லாவற்றையும்.
மாட்டும்போதுதான் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன்.
பழைய திருகுக்கும் நட்டுக்கும் நடுவே ஆட்டம்
பூஜ்யம் புள்ளி ஒன்று எட்டு.

ஒன்பது ஆண்டு எனக்கு அது தெரியாது.
கைக்குத் தெரிந்திருக்கிறது.
திசை மாறும்போதெல்லாம்
கொஞ்சம் தாண்டிப் போய்த் திரும்பி வந்து
அந்த வெற்றுச் சுற்றை விழுங்கிவிட்டு
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
இருந்திருக்கிறது மணிக்கட்டு.
மோட்டாருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.
அதற்கு எண் வேண்டும்.

இசட் ஸ்குரூ மட்டும் பாக்கி.
தெரிந்தவர்களில் மூன்றும் தீராத பெயர்
ஒன்றே ஒன்று.
விவாகரத்துக்குப் பிறகு எபெரும் நானும் பேசியது
வாட்டர் ஹீட்டர் பற்றி ஒரு தடவை,
நாய் செத்தபோது ஒரு தடவை.
போன் செய்தேன்.
நீளம் எவ்வளவு என்றான்.
முந்நூறு.
எதற்கென்று கேட்கவில்லை.

ஐந்து வாரம் கழித்துத் தானே கொண்டுவந்தான்,
எண்ணெய்த்தாள் சுற்றியபடி.
அவன் தூக்கிப் பிடித்தான், நான் பூட்டினேன்.
ஆட்டம் இருக்கிறதா?
கட்டை விரலால் அசைத்துப் பார்த்தேன்.
இல்லை என்றேன்.
கெட்டிலில் நீர் கொதித்தது, மாத்தே போட.
அதற்குள் அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

ஓரோஸ்மானுக்கு ரொட்டி முத்திரை கடன்.
எழுத்தைத் திருப்பிப் போட மறந்து வெட்டியதில்
ஒரு வாரம் அவர் பெயரைக்
கண்ணாடியில் காட்டித் தின்றது ஊர்.
சுல்மாவுக்குத் தராசின் ஒடிந்த கால்.
எபெர் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு.
முதல் நாள், முதல் ஓட்டம்,
இசட்டைக் கீழே வரச் சொன்னேன்.
நிதானமாக மேலே போனது.
யார் பெயரில் வந்ததோ அந்தக் குணம், என்றாள் இராசெமா,
வாசலில் சீப்பும் கையுமாக.

இரண்டு கம்பியை மாற்றிப் பூட்டினேன்.
வந்தது.