இளஞ்சிவப்புக்கு எத்தனை முடிச்சு

'ந' என் நாக்குக்குப் பகை.
'நான்' என்று தொடங்கவே எனக்கு நேரம் எடுக்கும்.
நீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தபோது
நைத்திரேற்று என்ற சொல்
அங்கே கதிரை போட்டுக் காத்திருந்தது.

கிளிநொச்சிக் கந்தோரில் சொல்லித்தான் அனுப்பினார்கள்:
"படத்தைக் காட்டுங்கோ, ஒலிப்பதிவைப் போடுங்கோ.
நீங்கள் கதைக்க வேண்டாம் பிள்ளை,
சனத்துக்கு நேரமில்லை."
ஒலிப்பதிவில் ஒரு பெண்குரல்,
எந்த ஊருக்கும் சொந்தமில்லாத
இஸ்திரி போட்ட தமிழ்.

முத்தையன்கட்டு, சனசமூக நிலையம்.
கச்சான் பிடுங்கிய கையோடு வந்திருந்தார்கள்.
கரண்ட் போனது. அந்தப் பெண்ணும் போனாள்.
முப்பது பேர், இருபத்தியொரு போத்தல் கிணற்றுநீர்,
மிச்சத்துக்கு நான்.

"ந—" என்றேன்.
"ந— ந—"
வெளியே ஒரு லாண்ட்மாஸ்டர் வந்து,
நின்று, ஆளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது.
ஒருவரும் சிரிக்கவில்லை என்றால் பொய்.
இரண்டு பொடியள் சிரித்தார்கள்.
வீடு போகும்போது சைக்கிளில்
அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் கத்திக்கொண்டு போனவர்களும்
அவர்கள்தான்.

துளி விட்டேன். போத்தல்கள் நிறம் மாறின.
இளஞ்சிவப்பு எண்டால் கவனம்,
கடுஞ்சிவப்பு எண்டால்
பிள்ளைக்குப் பால்மா கரைக்க வேண்டாம்.

"பிள்ளை," என்றார் குலேந்திரம்
கடைசி வாங்கில் இருந்து, கறுப்புக் கண்ணாடியோடு.
"நான் சிவப்பைக் கடைசியாப் பாத்தது
ரெண்டாயிரத்தி ஒன்பதில.
என்ர கிணறு எத்தினை சிவப்பு?"

கையேட்டில் இதற்குப் பக்கம் இல்லை.

ஆழம் பார்க்கும் நைலோன் கயிறு பையில் கிடந்தது.
அட்டையில் நிறம் ஐந்து,
கயிற்றில் முடிச்சு ஐந்து.
அவர் விரல் ஒவ்வொன்றாய் ஏறி
மூன்றில் நின்றது.
கையைப் பிடித்து இன்னும் ஒன்று தள்ளிவிட்டேன்.
"ம்," என்றார்.
கொஞ்ச நேரம் அந்த முடிச்சை விடவில்லை.
"மகள் பிள்ளையோட வந்தால் கோயில் கிணறுதான்."

பிறகு எல்லாரும் கயிற்றைக் கேட்டார்கள்.
"அந்த ரெண்டு சிவப்பும் எனக்கும் ஒண்டாத்தான் கிடந்தது,
கேக்க வெக்கமாப் போச்சு" என்றா பராசக்தியக்கா,
இரண்டு கண்ணும் நல்லாயிருந்தவ.

படிவத்தில் 'நிறம்' என்ற இடத்தில்
'4 முடிச்சு' என்று எழுதி அனுப்பினேன்.
மூன்றாம் நாள் கந்தோரில் இருந்து அழைப்பு:
"இது என்ன அலகு? ஆர் கண்டுபிடிச்சது?"

"ந—"
மறுமுனையில் யாரோ பேனையைத் தட்டுவது கேட்டது.
"ந—"
அழைப்பு அவர்களுடையது, காசும் அவர்களுடையது.
நான் அவசரப்படவில்லை.