அகலம் ஒரு மீற்றர்

மூன்று வருடம் அந்தப் பித்தளைத் தகட்டை
டொக்டரின் பெயர்ப்பலகை என்றுதான் நினைத்தாளாம் நிறைமதி.
பாரிசில், ஐந்தாம் வட்டாரத்தில்,
ஐம்பத்தெட்டுப் படி கூட்டித் துடைத்துவிட்டு
கடைசியில் தகட்டை மினுக்குவது அவள் வேலை.
நான்காம் வருடம் எழுத்துக் கூட்டி வாசித்தாள்:
மேபல் திராஸ்க், அமெரிக்கர்,
இங்கே வாழ்ந்தார், எழுதினார்.

"உனக்குத்தானே புத்தக விசர்" என்று
ஆற்றங்கரைப் பெட்டிக்கடையில் இரண்டு யூரோவுக்கு வாங்கி
வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்த ஒருவரிடம்
கொடுத்துவிட்டாள்.
பெட்டிக்குள் சொக்கிளேற் உருகி
மூன்றாம் அத்தியாயம் முழுக்கப் பழுப்பு.

நான் அம்பகாமத்தில் மிதிவெடி அகற்றுகிறேன்.
ஒரு மீற்றர் அகல ஓடை, இருபுறமும் தடி.
சிவப்புத் தெரிந்தால் நில், வெள்ளை தெரிந்தால் நட.
ஐம்பது நிமிடம் முழங்காலில், பத்து நிமிடம் நிழலில்.
அந்தப் பத்து நிமிடத்தில் மேபலை வாசிக்கிறேன்.
சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கு எனக்கு 'எஸ்'.
மிச்ச ஆங்கிலம் பயிற்சியில் படித்தது:
ஸ்ரொப். கிளியர். டேஞ்சர். லேன்.

அட்டையின் பின்புறத்தில் அவள் சரித்திரம்.
சோளக்காட்டுப் பெட்டை. இருபத்தாறு வயதில் கப்பலேறியவள்.
நாற்பத்தொரு வருடம் பிரான்ஸ்.
பாண் வாங்கப் பிரெஞ்சு, கோபப்பட ஆங்கிலம்.
தாள் வாங்கக் காசில்லாமல் காஸ் பில்லின் முதுகில் எழுதினாள்.
ஒருவருக்கும் விளங்கவில்லை என்று
இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் சிரித்தன.

எனக்கு விளங்கியது.
அவள் பெரிய சொல் பாவிப்பதில்லை.
ஒரு சொல்லை வைப்பாள். நிற்பாள்.
அதையே மறுபடி, ஒரு விரல்கடை தள்ளி வைப்பாள்.
நான் ஊசியைச் சரித்து மண்ணுக்குள் விடுவதுபோல.
அவசரம் என்ன செய்யும் என்று அறிந்த கை.
இல்லை, இது கொஞ்சம் கூட.
அவளுக்குப் பிழைத்தால் கசங்குவது ஒரு தாள்.

கரண்டியைப் பற்றி மட்டும் ஒன்பது பக்கம்.
மேற்பார்வையாளர் செபமாலை வாங்கிப் புரட்டிப் பார்த்து
"இதையும் காசு குடுத்து வாங்குதுகளோ" என்றார்.

புரட்டாதியில் ஒருநாள், பதினாலாம் ஓடையில்
கருவி கத்தியது.
பாலைமர வேரை நறுக்கி, பக்கவாட்டால் கிண்டி,
ஒரு மணி நாற்பது நிமிடம்.
ஜொனி என்றுதான் நெஞ்சு சொன்னது.
வந்தது கரண்டி.
எவர்சில்வர். பிடியில் ஒரு பூ.
ஆறு மாதப் பிள்ளையின் வாய்க்கு அளவானது.
படிவத்தில் எழுதினேன்:
அபாயமற்ற உலோகம், ஒன்று.
அந்தக் கட்டம் இரண்டு விரல் அகலம்.
அதற்கு மேல் எழுத இடமில்லை.

இரவு நிறைமதி எடுத்தாள்.
"முழுக்க வாசிச்சிட்டியோ? பாரிஸ் எங்க வருது?"
வரவில்லை.
நானூறு பக்கத்தில் ஒரு தெருகூட இல்லை.
தகப்பனின் தண்ணீர்ப் பம்பு, அதன் துருவேறிய கைப்பிடி,
சோளத்தாளில் காற்று, கரண்டி.
"நாற்பத்தொரு வருசம் ஏறி இறங்கியிருக்கிறாள்,
ஒரு படியை, ஒரேயொரு படியை எழுதேல்லையோ?"
மெய்யாகவே அவளுக்குக் கோபம்.
எனக்குப் பதில் தெரியவில்லை.
"நீ எங்கட வீட்டுப் படலையைத்தானே
இப்பவும் கனவில காணுறாய்" என்றேன்.
அவள் தொடர்பைத் துண்டித்தாள்.

அடுத்தநாள் நிழலில் இருந்தபோது குரற்செய்தி.
பதினொரு நிமிடம்.
வணக்கமில்லை, சுகம் விசாரிப்பில்லை.
"முதலாம் படி. விளிம்பு தேஞ்சது.
ரெண்டாம் படி. ஒண்டுமில்லை.
மூண்டாம் படி, ஆணி ஒண்டு கிளம்பி நிக்குது,
துணி ஒவ்வொரு நாளும் மாட்டுப்படும்."
பின்னால் வாளி இழுபடும் சத்தம்.

பத்தொன்பதாம் படியில் விசில் ஊதினார் செபமாலை.
மிச்ச முப்பத்தொன்பது படியையும்
நிழலில் வைத்துவிட்டு
கவசத்தை இறக்கிக்கொண்டு ஓடைக்குள் போனேன்.