மனை எண் பதினேழு

சூரமங்கலம் பத்திர ஆபீஸ் எதிரே
பதினோரு வருஷமாய் ஜெராக்ஸ் கடை எனக்கு.
ஊரார் நிலமெல்லாம்
பக்கத்துக்கு ஒரு ரூபாய் வீதம்
என் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்திருக்கிறது.
தாய்ப்பத்திரம், விடுதலைப் பத்திரம்,
மைனர் மகளுக்காகக் கார்டியன் வைத்த கைரேகை.
எது எந்த வருஷத்து மை என்று
முகர்ந்தே சொல்வேன்.

அப்படிப்பட்ட நான்தான் வாங்கினேன்.

கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி
மலை எழும்பத் தொடங்குகிற இடம்.
முப்பதுக்கு நாற்பது.
"ஜன்னலத் தொறந்தா ஏற்காடுங்க்கா"
என்றார் புரோக்கர் அங்கமுத்து.
வீடே இல்லாத மனையில் நின்று
அந்த ஜன்னலைத் திறந்து பார்த்தேன்.
பச்சையாகத்தான் இருந்தது.

முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டேன்.
வில்லங்கம் இல்லை.
பட்டா, அப்ரூவல் நம்பர், எல்லாம் சரி.
வக்கீல் தில்லைக்கரசி ஐயாயிரம் வாங்கிக்கொண்டு
"தாராளமாப் போங்க" என்றாள்.
நகைக்கடன் ஆறு,
சொசைட்டியில் ஐந்து,
சீட்டைத் தள்ளி எடுத்தது நாலே கால்.
முத்திரைத்தாளைக் கணக்கில் வைத்திருந்தேன்.
டைப்பிங், சாட்சி, டீ,
"பாத்துச் செய்யுங்க்கா":
இதற்கெல்லாம் எந்தக் கணக்கிலும் கட்டமில்லை.
அது தனியாக முப்பத்தெட்டாயிரம்.

ஐப்பசியில் செங்கல் இறக்கப் போனேன்.
மேற்கு மூலையில்
கணுக்கால் அளவு தண்ணீர்
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது,
தினமும் அதே வழியில் வேலைக்குப் போகிறவர் மாதிரி.
வரைபடத்தில் அங்கே இருபத்துமூன்றடி ரோடு.

கடைக்கு வந்து
புல வரைபடத்தைப் பெரிதாக்கினேன்.
நூற்றைம்பது சதவீதம். இருநூறு.
இருநூறில் தெரிந்தது
மயிரிழையாய் ஒரு புள்ளிக்கோடு.
ஓடை.
மலையில் பெய்தது திருமணிமுத்தாற்றுக்குப் போக
யாரிடமும் பதியாமல்
போட்டுக்கொண்ட வழி.

மூன்றாவது மனுவுக்கு சர்வேயர் வந்தார்.
கிழக்கே மூன்றடி
வேடியப்பன் காம்பவுண்டுக்குள் இருக்கிறதாம்.
வேடியப்பன் நல்ல மனுஷர்.
நாற்காலி போட்டு டீ கொடுத்தார்.
"மூணடியில என்னங்க்கா இருக்கு?"
நாற்பதால் பெருக்கினால் நூற்றிருபது சதுர அடி.
நான் குடித்ததிலேயே
விலை கூடின டீ அது,
ஒன்றரை லட்சம்.

இப்போதெல்லாம் கடைக்கு வருகிறவர்களிடம்
கேட்காமலே சொல்கிறேன்:
மழையில போய்ப் பாருங்க.
டேப்போட ரெண்டு முனையும் உங்க ஆளுங்க கையில இருக்கட்டும்.
வாடகைக்கு விடறதா இருந்தா
வருஷத்துக்குப் பத்து மாசம்னு கணக்குப் போடுங்க,
வட்டிக்கு மட்டும் பன்னெண்டு.
பாதிப்பேர் மீதிச் சில்லறைக்குக்
கை நீட்டியபடி கேட்கிறார்கள்.

நேற்று மனையைப் பார்க்க ஒரு ஜோடி வந்தது.
இருதயராஜ், ஸ்டீல் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் வேலை.
முதல் மனை.
சித்திரை வெயில்.
ஓடையில் ஆட்டுப்புழுக்கை காய்ந்து கிடந்தது.
டேப்பின் ஒரு முனையை
அங்கமுத்து அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.
அவர் மனைவி மலையையே பார்த்தாள்.
புரிந்துவிட்டது எனக்கு,
அந்த ஜன்னலை அவளும் திறந்துவிட்டாள்.

ஜூன் பன்னிரண்டில்
என் நகை ஏலத்துக்குப் போகிறது.

"இங்க தண்ணி எப்படிங்க்கா?"
போர் தண்ணியைக் கேட்கிறாள்.
"நல்லா வரும்" என்றேன்.
பொய்யில்லை.

வண்டியில் ஏறப்போனவளின் கையில்
நாலாய் மடித்த ஒரு ஜெராக்ஸை வைத்தேன்.
இருநூறு சதவீதம்.
"எவ்வளவுங்க்கா?" என்றாள், பழக்கத்தில்.

இரண்டு ரூபாய்.
வாங்கிக்கொண்டேன்.