குன்னூரில் இன்ஜின் மாற்றுகிறோம்

எட்டு அங்குலத்தில் ஒரே காகிதக் கூம்பு,
அதன் நடுவில் விரல் நீளத்துக்கு இன்னொரு காகிதப் புனல்,
சுற்றிலும் சில்வர் ஓக் பலகை.
என் ஸ்பீக்கர் அவ்வளவுதான்.
ஆம்பிளிஃபயருக்கும் அதற்கும் நடுவில்
கம்பியைத் தவிர ஒன்றுமே கிடையாது என்று
வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.
சொல்லும்போது குரலில் ஒரு திமிர் ஏறும்.
ஜெசிந்தா அந்த இடத்தில்
தட்டு கழுவ எழுந்து போய்விடுவாள்.

ஜெகதளாவிலிருந்து போஜராஜ் வருவான், ஞாயிறுகளில்.
அவனுடைய பெட்டிகளுக்கு ஆளுக்கு மூன்று வாய்.
வயிற்றைத் திறந்தால்
செம்புச் சுருள், ரெசிஸ்டர், கட்டைவிரல் தடிமனில் கெப்பாசிட்டர்.
உள்ளே ஒரு மின்வாரியமே நடத்துகிறாய் என்பேன்.
சமைப்பவனே பரிமாறி,
அவனே இலையும் எடுக்கிற கல்யாணம் உன்னுடையது என்பான்.

ஒருத்தி பாடுகிறாள், போஜராஜ்.
மூவாயிரம் ஹெர்ட்ஸில் அவளை இரண்டாக அறுத்துக்
கீழ்ப்பாதியை ஒருவனிடமும்
மேல்பாதியை இன்னொருவனிடமும் கொடுக்கிறாய்.
எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் தழும்பு தெரியாதா?

உன் பெட்டியில் தழும்பு இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.
மிருதங்கத்துக்குத் தொப்பியும் இல்லை.

மறுநாள் காலை நான் ஷெட்டில் இருப்பேன்.
கல்லாறிலிருந்து பல்தண்டவாளத்தைக் கடித்துக் கடித்து
நீராவி இன்ஜின் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வரும்.
குன்னூர் வரைதான் அதன் பாடு.
அதைக் கழற்றி டீசலை மாட்டுவோம்;
ஊட்டி வரை அது இழுக்கும்.
மாட்டும்போது ஒரு குலுக்கல்.
டீ சிந்திய பயணி சன்னல் வழியே என்னை முறைப்பார்.
சிந்தாத நாட்களும் உண்டு.
அன்றைக்கு என்னை யாரும் பார்ப்பதில்லை.

இதைப் போஜராஜிடம் சொன்னதில்லை.
என் வாயால் அவனுக்கு எதற்குச் சாட்சி?

கார்த்திகையில் ஒருநாள்.
லாம்ஸ் ராக் பக்கமிருந்து இறங்கிய மூடுபனி
குவார்ட்டர்ஸ் சன்னலில் வந்து நிற்க,
அதன் கீழே பூண்டு உரித்துக்கொண்டு அவள் கேட்டாள்:
"எனக்கு மட்டும் ஏன் எப்பவும்
கம்பளிக்குள்ள உட்கார்ந்து பாடற மாதிரி கேக்குது?"

எழுந்து போய் அவளிடத்தில் உட்கார்ந்தேன்.
பாட்டு மங்கிப்போயிருந்தது.
வயலின் ஒரு போர்வை தள்ளியிருந்தது.
பெரிய கூம்பு உச்ச ஒலியை
டார்ச் ஒளிபோல நேரே பாய்ச்சும்,
பக்கவாட்டில் சிந்தாது. படித்திருக்கிறேன்.
ஒரே கூம்பு, ஒரே புள்ளி, ஒரே உண்மை
என்று நான்கு வருடம் பேசியவன்
நாற்காலியும் ஒன்றே என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன்.
அதில் நானே உட்கார்ந்தும் இருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு.
போன வருட மெடிக்கலில்
ரயில்வே டாக்டர் ஒரு வரைபடம் காட்டினார்.
ஆறாயிரம் வரை சுமாரான சமவெளி,
அதற்கப்பால் கோடு டால்பின்ஸ் நோஸ் மாதிரி விழுந்துவிட்டது.
விசில், சம்மட்டி, இருபத்தாறு வருடம்.
காதுக்கு ஒன்றுமில்லை என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

ஆக, எனக்குக் கேட்காத உச்சத்தையெல்லாம்
எனக்காகவே நேரே வரவழைத்து உட்கார்ந்திருந்தேன்.

போஜராஜ் இரண்டு ட்வீட்டர் கொண்டுவந்தான்,
இரண்டு புள்ளி இரண்டு மைக்ரோஃபாரட்டில் கெப்பாசிட்டரும்.
ஒன்பதாயிரத்துக்கு மேலே மட்டும் அது பேசும்,
கீழே உன் கூம்பை யாரும் தொடப்போவதில்லை என்றான்.
பற்றவைத்தோம். ஈயப்புகை, பூண்டு வாசம்.
ட்வீட்டர்களைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தோம்.
"இப்போ இது கிராஸ்ஓவர்தானே?"
"ஒரே ஒரு கெப்பாசிட்டர்" என்றேன்.
"சரி. கல்யாணத்துக்கு இலை எடுக்க ஓர் ஆள்" என்றான்.

அதே பாட்டைப் போட்டேன்.
எனக்கு எதுவும் மாறவில்லை.
தொப்பி அப்போதும் இல்லை.

ஜெசிந்தாவின் விரல்கள் பூண்டில் நின்றன.
"பின்னாடி யாரோ சலங்கை வச்சிருக்காங்க.
இது முன்னாடியே இந்தப் பாட்டுல இருந்துச்சா?"

இருந்தது என்றேன்.
எனக்கு எப்படித் தெரியும்.