மாட்டுக்குப் பிணை இல்லை

என் தம்பி யாரையும் அடிக்கவில்லை.
குணாளனும் அடிக்கவில்லை.
அடித்துக்கொள்வார்கள் என்று டவுன் நம்பியது.
டவுனைப் பாலாய் நம்பியது.
பாலாயைத் தாப்பா கோர்ட்டு நம்பியது.

நம்பிக்கையின் விலை
ஆளுக்கு இரண்டாயிரம் வெள்ளி,
ஓராண்டுத் தவணை.

மொழிபெயர்ப்பாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசித்தார்:
"பொது அமைதிக்குக் குந்தகம் விளைவியாதிருப்பேன்."
தவசீலன் திரும்பி என்னைப் பார்த்தான்.
"கத்தக் கூடாதாம்டா" என்றேன்.

ஆள்பிணை நான்.
செம்பனை ஆலையின் எடைமேடையில் பதினாறு வருடம்.
குலையோடு வரும் லாரியை நிறுப்பேன்,
வெறும் லாரியாய்த் திரும்புகையில் நிறுப்பேன்,
கழித்து எழுதுவேன்.
விழாத அடியை எதில் ஏற்றி நிறுப்பது என்று
மாஜிஸ்திரேட்டிடம் கேட்டிருக்கலாம்.
சின்னப் பெண். முக்காட்டுக்குள் தூக்கம் கெட்ட முகம்.
அன்றைக்கு அவளுக்கு இன்னும் இருபத்தாறு கேஸ்.
சேமிப்புப் புத்தகத்தை மட்டும் நீட்டினேன்.
மகளின் பாலிடெக்னிக் காசு அதில் இருந்தது.

எல்லாம் வெள்ளச்சியால்.
வலது கொம்பு கொஞ்சம் உள்ளே வளைந்தவள்.
தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது
எது மேய்ச்சல், எது வீட்டுமனை என்று
அவளுக்கு யாரும் எழுதித் தரவில்லை.
குணாளனின் வாழைக்கன்று ஏழும் போயின.
அவன் பாராங்கோடு வந்தான்.
இவன் குலை அறுக்கும் அரிவாளைத் தடியோடு தூக்கினான்.
நடுவில் கம்பிவேலி.
அசைபோட்டபடி அவள்.
யாரோ போனில் படம் பிடித்தார்கள்.

கோர்ட்டு இருவரையும் கட்டிப் போட்டது.
வெள்ளச்சியைக் கட்ட மறந்தது.

அதன்பிறகு என் காது தூங்கவில்லை.
தகரம் சரிந்தால் இரண்டாயிரம்.
மங்கு உடைந்தால் இரண்டாயிரம்.
தீபாவளிக்கு முதல் வெடி வெடித்தபோது
எழுந்து உட்கார்ந்து
யார் குரலாவது தொடர்கிறதா என்று கேட்டிருந்தேன்.
ஒட்டுக்கடையில் அவன் ஒரு கோடி, இவன் ஒரு கோடி.
தே தாரேக் ஆறி ஆடை படியும்வரை
இருவரும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார்கள்.
இதற்குப் பெயர் அமைதி என்றால் இருக்கட்டும்.
எனக்கு அது கடைவாய்ப்பல் வலி மாதிரி இருந்தது.

எட்டாம் மாதம். மழை. ராத்திரி இரண்டு மணி.
போனில் குணாளன்:
"உங்க மாடு என் கோழிக்கொட்டாய்க்குப் பின்னால கெடக்கு.
கன்னுக்கு ஒத்தக் காலுதான் வெளிய தெரியுது.
தம்பிய அனுப்புங்க.
அவன்கிட்ட நான் பேச மாட்டேன். நீங்க வந்து சாட்சியா நில்லுங்க."

நான் டார்ச் பிடித்தேன்.
தவசீலன் கையை நீட்டினான், குணாளன் எண்ணெய் ஊற்றினான்.
அவன் தலையசைத்தான், இவன் கயிற்றை இழுத்தான்.
ஒரு வார்த்தை இல்லை.
மாடு மட்டும் அத்தனை பேருக்காகவும் கத்தியது.

கன்று வழுக்கிச் சேற்றில் விழுந்தது.
மூச்சில்லை.

அப்போதுதான் குணாளன் வாயைத் திறந்தான்.
என் தம்பியின் பிறப்பையும் அதற்கு முந்திய மூன்று பிறப்பையும் சேர்த்து
எந்த மொழிபெயர்ப்பாளரும் வாசிக்க முடியாத ஒன்று,
அதன் வாலில்:
"பாத்துக்கிட்டே நிக்கிறியே, மூக்குல ஊதுடா!"

தவசீலன் ஊதினான்.
கன்று தும்மியது.

இரண்டாயிரம் என்றது மனசு, பழக்கத்தில்.
டார்ச்சை அணைத்தேன்.
சாட்சி எதையும் கேட்கவில்லை.

ஆகஸ்டில் பிணை முடிந்து
புத்தகம் முனை மடங்கித் திரும்பி வந்தது.
இப்போது கன்றும் வாழைக்குப் பழகிவிட்டது.
காலை ஏழு மணிக்கே வேலியின் இரண்டு பக்கமும் தொடங்கிவிடுகிறார்கள்.
அரிவாள் அரிவாளின் இடத்தில் தொங்குகிறது.
ஆலையில் முதல் லாரி மேடையேறும்போதும்
அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது,
இவ்வளவு தூரத்தில்
எது அவனுடையது, எது இவனுடையது என்று
கழித்து எழுத வரவில்லை.