ஒன்பது புள்ளி இரண்டு

கிரெகோரெஸில் டேங்க் நிரப்பினால்
அடுத்த பங்க் இருநூற்றுப் பதினெட்டுக் கிலோமீட்டர்.
அதுவும் லாரி வந்திருந்தால்.
வராத வாரங்களில் பங்க்காரன்
குழாயின் கழுத்தில் பழைய கையுறை ஒன்றை மாட்டிவைப்பான்.
காற்றில் அது
போ போ என்று ஆடுவது தூரத்திலிருந்தே தெரியும்.

பின்சீட்டில் தடுப்பூசிப் பெட்டி.
ஐஸ் எத்தனை மணிக்கு உருகும் என்பது எனக்கு மனப்பாடம்.
முன்சீட்டில் கோடு போட்ட நோட்டு:
தேதி, கிலோமீட்டர், லிட்டர்.
வகுத்துப் பார்த்தால்
மாதக்கணக்காய் ஒரே விடை.
ஒன்பது புள்ளி இரண்டு.

எழுபத்து நாலாம் வருஷத்துப் பேஜோ.
கார்புரேட்டருக்கு மூளை கிடையாது,
தொண்டை மட்டும்தான்.
உள்ளே பாய்கிற காற்று
கைக்கு எட்டிய பெட்ரோலை இழுத்துக்கொண்டு போகும்.
எதற்கு இவ்வளவு என்று கேட்க
அங்கே ஆளில்லை.

முதலில் என் காலைத் திருத்தினேன்.
குழந்தைக்கு ஊசி போடும்போது
கட்டைவிரல் மெல்ல மெல்ல இறங்குமே,
அந்த நிதானத்தில் ஆக்சிலரேட்டர்.
ஒன்பது புள்ளி ஐந்து.

ஏர் ஃபில்டரைத் தட்டினேன்,
பட்டகோனியாவில் கால்வாசி உதிர்ந்தது.
டயர்களுக்குக் காற்று.
சோக் முழுதாய்த் திறக்கிறதா என்று
டார்ச் அடித்துப் பார்த்தேன், திறந்தது.
டிக்கியிலிருந்த சங்கிலி, செங்கல், சித்தப்பாவின் கூடாரம்
எல்லாவற்றையும் இறக்கினேன்.
ஒன்பது புள்ளி ஏழு.

பேராசை யாரை விட்டது.
நூற்று முப்பது எண் ஜெட்டைக் கழற்றி
நூற்று இருபதைப் போட்டேன்.
பித்தளையில் ஊசிமுனைத் துளை,
அதில் ஒரு மயிரிழை குறைவு, அவ்வளவுதான்.
பத்து புள்ளி மூன்று!
நோட்டில் இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

மூன்றாம் நாள் மேட்டில் வண்டி இருமியது.
இரினேயோ ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தான்.
பிஸ்கட் நிறத்தில் இருக்கவேண்டிய பீங்கான்
சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.
"நொயெமி, இது மெலியவில்லை.
பட்டினியில் காய்ச்சல் கண்டிருக்கிறது.
நர்ஸ்தானே நீ?"

பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டு
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை
காற்று நின்றுவிட்டது.
இங்கே அப்படி நிற்பதில்லை.
நாய்கள்கூட எழுந்து வந்து மேற்கே பார்த்தன.
கிய்யேர்மினா பண்ணையின் கேட்டை நானே திறந்தேன்.
மறுபடி ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் வீண்.
பத்தடிதானே, தள்ளிவிடலாம்,
சமதரை, நியூட்ரல்.

தோள் கொடுத்துத் தள்ளினேன்.
நகரவில்லை.
கதவோடு முதுகை முட்டுக்கொடுத்தேன்.
ஒரு முனகல், அரையடி.
பின்னால் இடப்பக்கச் சக்கரத்தில் கை வைத்து
வெடுக்கென்று எடுத்தேன்.
அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி.

ஹேண்ட்பிரேக் கேபிள் துருவேறி இறுகியிருந்தது.
காற்று வண்டியை உருட்டிவிடுமோ என்று
நிறுத்துகிற இடத்திலெல்லாம்
பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவைத்தவள் நான்.
லிவரை விட்ட பிறகும்
அது என்னை விடவில்லை.
ஒரு குளிர்காலம் முழுக்க
பிடித்த பிரேக்கோடு
பண்ணை பண்ணையாய் ஓடியிருக்கிறேன்,
கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டு.

புதுக் கேபிள். பழைய ஜெட். அதே கால்.
பதினொன்று புள்ளி ஆறு.

நோட்டில் இப்போது நாலாவதாய் ஒரு பத்தி: காற்று.
மேற்கே போகையில் பத்து,
திரும்பி வருகையில் பதிமூன்றரை.
இரண்டுமே இந்த வண்டிதான்.

ஹேண்ட்பிரேக்கைத் தொடுவதில்லை.
மூக்கைக் காற்றுக்குக் காட்டி நிறுத்தி
சக்கரத்தடியில் ஒரு கல்லைச் செருகுகிறேன்,
ஆற்றோரம் தேடி எடுத்த நல்ல ஆப்புக்கல்.
கிளம்பும்போது சீட்டுக்கடியில் அதுவும் ஏறிக்கொள்ளும்.

இரினேயோ அதைத் தூக்கிப் பார்த்தான்.
"மூன்று கிலோ இருக்கும்.
இதற்கும் பெட்ரோல் ஆகும், தெரியுமா?"

தெரியும்.
எழுதி வைத்திருக்கிறேன்.