முக்கால் அளவு

எதையும் ஓர் அளவு பெரிதாக வாங்குவதுதான் எங்கள் வீட்டு வழக்கம்.
செருப்பு, சீருடை, மழைக்கோட்டு.
வளருகிற பிள்ளை, அடுத்த வருசமும் ஆகும்.
மதுரைக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை.
ரெக்சலினின் தாடைக்குக் கீழே வயலினை வைத்து
இடக்கையை நீட்டச் சொன்னார்.
முழு அளவில்
தலைச்சுருளை எட்டிப் பிடிக்க விரல்கள் எக்கின.
முக்காலில் உள்ளங்கை வந்து அமர்ந்தது.
"இதான். கை வலிச்சா பிள்ளை நிறுத்திரும்."

மூன்று முக்கால்கள் இருந்தன.
நான் கைவைத்தது சிவப்பாய் மினுங்கிய புதுசு.
பிறகு வத்தைக்கு மரம் பார்க்கிற புத்தி வந்து
ஒரு கண்ணை மூடிக் கழுத்தோரமாய்ப் பார்த்தேன்.
கோணல்.
பழசு ஒன்று, முதுகில் யாரோ இழுத்த கீறலோடு,
ஏரா மரம்போல நேராய் ஓடியது.
ரெக்சலின் மரத்தைப் பார்க்கவே இல்லை.
சுவரைப் பார்த்து நின்றுகொண்டு
மூன்றையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னாள்.
"ரெண்டாவது" என்றாள்.
கீறல் விழுந்தது அதுதான்.
ஊரில் நான் தேர்ந்தெடுத்ததாகத்தான் சொல்லிவருகிறேன்.

பாம்பன் பாலத்தில் கண்டக்டர் கேட்டார்:
"பொட்டிக்குள்ள என்ன, துப்பாக்கியா?"
அவள் மடியைவிட்டு இறக்கவில்லை.
லக்கேஜ் போட அவருக்கும் மனசு வரவில்லை.

தங்கச்சிமடத்தில் உப்பு எதிலும் ஏறும்.
தாழ்ப்பாள், சைக்கிள் செயின், மாதா கெபியின் கம்பிக் கதவு.
நாலு தந்தியை விட்டுவைக்குமா?
ஆகவே சட்டங்கள்.
கடல் பக்கத்துச் சன்னலோரம் கூடாது.
ஃபிரிட்ஜ் மேலும் கூடாது.
வாசித்து முடித்ததும் வில்லின் திருகைத் தளர்த்த வேண்டும்
(கரையேறிய பிறகும் பாய்க்கயிற்றை
எவனாவது விறைப்பாய் வைத்திருப்பானா?).
தந்தியில் படிந்த ரோசின் தூளைப் பழைய பனியன் துணியால் துடைக்க வேண்டும்.
ரோசின் எனக்குப் புதிதில்லை.
பலகை இடுக்கில் நாங்கள் காய்ச்சி ஊற்றும் குங்கிலியத்தின் பங்காளி.
அது தண்ணீரை உள்ளே விடாது.
இது சத்தத்தை வெளியே விடுகிறது.

செருப்புக்கடைச் சூசையிடம் கேட்டு வாங்கி
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் பெட்டிக்குள் போட்டாள் பிரான்சிஸ்கா.
நண்டு கழித்த கையோடு தொடக் கூடாது:
கடைசிச் சட்டம், எனக்காகவே எழுதியது.

நல்லது செய்வதாக நினைத்து ஒருநாள் தொட்டேன்.
பிருடையைத் திருக முடியாமல்
காலையில் அவள் முக்கியதைப் பார்த்திருந்தேன்.
பள்ளிக்கூடம் போனதும்
ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.
சாயங்காலம் தந்திகள் தொய்ந்து
குதிரை சரிந்து கிடந்தது.
இரண்டு நாள் பேச்சில்லை.
ஞாயிறு பூசையில் பாடகர் வரிசையில்
அவள் நாற்காலியில் யாரோ பையை வைத்திருந்தார்கள்.

அப்புறம்தான் ஒன்று பிடிபட்டது.
கொண்டல் அடித்தால் பிருடை இறுகுகிறது.
கச்சானில் வழுக்குகிறது.
மூன்று மணிக்கு எழுந்து
எலுமிச்சை போட்டுக் கையைக் கழுவி
பீரோவைத் திறந்து
ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போவேன்.
யாருக்கும் தெரியாது.

போன செவ்வாய் மூன்றாவது பிருடை அசையவே இல்லை.
மழைதான் என்று வலையை மடித்துவைத்தேன்.
விடிந்தால் வானம் துடைத்த கண்ணாடி.
போனவர்கள் கூடை கூடையாய் நண்டோடு வந்தார்கள்.
ஏலம் கூவுகிற சத்தம் வீடுவரை கேட்டது.

"அது காத்து இல்லப்பா" என்றாள்
தட்டிலிருந்து தலை நிமிராமல்.
"நீ ஊத்துன எண்ணெய்க்கு நான் அப்புன சாக்பீஸு."
பீரோ கிறீச்சிடுவது தினமும் கேட்டிருக்கிறது அவளுக்கு.
அதுவும் சுருதி சேராமல்.

கை கழுவி வந்து வயலினை எடுத்தாள்.
வில்லை இறுக்கினாள்.
சும்மா ஒருமுறை இடக்கையை நீட்டினாள்.
தலைச்சுருளைத் தாண்டி
நாலு விரலும் வெளியே தெரிந்தன.